கிலோகிராமும் சேக்கலும்: பழைய எடைகளாக மாற்றும் கணக்கின் பயனும் பிழையும்

இன்றைய கிராம், கிலோகிராம் அளவுகளைப் பண்டை உரோமின் லிப்ரா, ஊன்சியா என்றும், விவிலியத்தின் சேக்கல், தாலந்து என்றும் மாற்றிச் சொல்லும் வழக்கம் விவிலிய உரைநூல்களிலும் வரலாற்றுப் பாடநூல்களிலும் அலகு மாற்றிக் கருவிகளிலும் காணப்படுகிறது. பழைய எடையை இன்றைய எடையாக்குவதும், இன்றைய எடையைப் பழைய எடையாக்குவதும் ஒரே கணக்குதான். ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும் அல்லது வகுக்க வேண்டும். கணக்கில் சிக்கல் இல்லை. அந்த மாறிலி எந்தச் சான்றிலிருந்து பெறப்பட்டது, எந்த ஊருக்கு, எந்தக் காலத்துக்கு அது பொருந்தும் என்ற கேள்விகளில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்த முயற்சி மிகப் பழையது. சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகர ஆயர் எபிபானியஸ், திருமறை படிப்போருக்காக எடைகள், அளவைகள் பற்றிய நூல் ஒன்றை கி.பி. 392-இல் எழுதினார். பிரெஞ்சு அறிஞர் கியோம் பூதே 1515-ஐ ஒட்டி வெளியிட்ட ‘தெ ஆஸ்ஸே’ என்னும் நூல் உரோம நாணயங்களையும் எடைகளையும் தம் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டது. இங்கிலாந்தில் ஜான் அர்பத்நாட் 1727-இல் பழங்கால நாணயங்கள், எடைகள், அளவைகளின் அட்டவணைகளை நூலாக வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் ஔகுஸ்ட் பேக் 1838-இல் எழுதிய அளவியல் ஆய்வு இத்துறைக்கு முறையான அடித்தளம் இட்டது. இன்றைய அட்டவணைகள் பலவற்றில் உள்ள எண்கள் இந்த 19-ஆம் நூற்றாண்டு ஆய்வுகளின் வழிவந்தவை.

ஒப்பிடப்படும் இரு தரப்பும் ஒரே தன்மை உடையவை அல்ல. 2019 மே 20 முதல் கிலோகிராம், பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. உலகின் எந்த மூலையிலும் அதன் அளவு ஒன்றே. லிப்ராவுக்கும் சேக்கலுக்கும் அப்படி ஒரு வரையறை இல்லை. கோயிலிலோ அரண்மனையிலோ வைத்திருந்த மூல எடைக்கல்லும், அதைப் பார்த்துச் செதுக்கிய படிகளும், அவற்றால் நிறுத்த நாணயங்களுமே அவற்றின் வரையறை. மாறாத ஓர் அலகையும் ஊருக்கு ஊர் மாறிய ஓர் அலகையும் ஒரு சமன்குறியால் இணைப்பதே இந்தக் கணக்கின் அடிப்படைச் செயல். அதன் பயனையும் பிழையையும் இந்த இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும்.

உரோம எடைகள்

உரோம முறையின் தலைமை அலகு லிப்ரா. அது 12 ஊன்சியாவாகவும், ஊன்சியா 24 ஸ்கிரிப்புலமாகவும், ஸ்கிரிப்புலம் 6 சிலிக்வாவாகவும் பிரிந்தது. ஆகவே ஒரு லிப்ராவில் 288 ஸ்கிரிப்புலம், 1,728 சிலிக்வா. பன்னிரண்டின் மேல் எழுந்த இந்த முறையில் பின்னங்களுக்கும் தனிப்பெயர்கள் இருந்தன: அரை லிப்ரா செமிஸ், மூன்றில் ஒன்று திரியென்ஸ், கால் குவாத்ரன்ஸ், ஆறில் ஒன்று செக்ஸ்தன்ஸ்.

லிப்ராவின் கிராம் மதிப்பை அறிய மூன்று வகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது, கிடைத்திருக்கும் எடைக்கற்கள். தலைநகரின் மூல எடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாகப் பொறிக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. ஆயினும் அவை தமக்குள் ஒத்துப்போவதில்லை. கல் தேய்கிறது, உலோகம் அரிக்கிறது, துரு ஏறினால் எடை கூடவும் செய்கிறது.

இரண்டாவது, நாணயங்கள். ஒரு லிப்ரா உலோகத்தில் இத்தனை நாணயம் அடிக்க வேண்டும் என்று அரசு விதித்தது. நீரோ காலத்தில் ஒரு லிப்ரா பொன்னுக்கு 45 ஔரியஸ். கான்ஸ்தந்தீன் காலத்தில் 72 சாலிதஸ். தேயாத சாலிதஸ் ஒன்று ஏறத்தாழ 4.5 கிராம் இருப்பதால், 72-ஆல் பெருக்கினால் லிப்ரா 324 கிராமை ஒட்டி வருகிறது. நாணயங்களை இவ்வாறு ஆராய்ந்து பெறப்பட்டு, பேக் வழியாக நிலைபெற்ற மதிப்பே 327.45 கிராம். இன்றும் பெரும்பாலான அட்டவணைகளில் அதுவே இருக்கிறது. பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் 322 முதல் 324 கிராம் வரை என்று குறைத்துக் கணித்துள்ளனர்.

மூன்றாவது, கொள்கலன்கள். பத்து லிப்ரா மது கொள்ளும் கொள்ளளவு கோஞ்சியஸ் எனப்பட்டது. வெஸ்பாசியன் பேரரசர் காலத்தது என்று பொறிக்கப்பட்ட வெண்கலக் கோஞ்சியஸ் ஒன்றில் 19-ஆம் நூற்றாண்டில் நீர் நிரப்பி நிறுத்தபோது லிப்ரா 337 கிராமை ஒட்டி வந்தது. அக்கலம் உண்மையில் பழையதுதானா என்ற ஐயமும் எழுப்பப்பட்டிருக்கிறது. சான்றுக்குச் சான்று முடிவு மாறுகிறது. 327.45 என்பது இவற்றுள் ஒரு வகைச் சான்றுக்கு முதலிடம் தந்து செய்த தெரிவு.

விவிலிய எடைகள்

எபிரேய முறையில் சிறியது கேரா. யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தின்படி 20 கேரா ஒரு சேக்கல். அரைச் சேக்கல் பெக்கா. பெரியவை மினாவும் தாலந்தும். ஒரு தாலந்துக்கு எத்தனை சேக்கல் என்பதை யாத்திராகமம் 38-ஆம் அதிகாரத்தின் கணக்கே காட்டிவிடுகிறது. 6,03,550 பேர் தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி கொடுத்தனர். மொத்தம் 3,01,775 சேக்கல். அது 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்று அந்நூல் சொல்கிறது. எஞ்சும் 3,00,000 சேக்கல் 100 தாலந்தாக வேண்டும். எனவே தாலந்து 3,000 சேக்கல். மினாவில் இந்தத் தெளிவு இல்லை. எசேக்கியேல் 45-ஆம் அதிகாரத்தின் எபிரேய மூலம் மினாவுக்கு 60 சேக்கல் தருகிறது. 60 மினா ஒரு தாலந்து என்று கொண்டால் மினாவுக்கு 50 சேக்கலே வரும்.

இவை அலகுகளுக்கு இடையிலான விகிதங்கள். கிராம் மதிப்புக்குத் தொல்லியல்தான் வழி. யூதேயாவின் எருசலேம், லாகீசு முதலிய இடங்களில் கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, மேல்பக்கம் குவிந்த சுண்ணாம்புக் கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பலவற்றில் குறியும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை நிறுத்துக் கண்ட சராசரிச் சேக்கல் 11.3 முதல் 11.4 கிராம். அதன்படி தாலந்து சுமார் 34.2 கிலோகிராம். அதே மண்ணில் ‘நெட்செப்’ என்று பொறித்த சுமார் 10 கிராம் கற்களும், ‘பிம்’ என்று பொறித்த ஏறத்தாழ 7.8 கிராம் கற்களும் கிடைத்துள்ளன. ஒரே நாட்டில், ஒரே நூற்றாண்டில், ஒன்றுக்கு மேற்பட்ட எடை வரிசைகள் வழங்கின என்பதற்கு இவை சான்று.

மாற்றுக் கணக்கின் பயன்கள்

முதற்பயன், அளவுணர்வு. ஐயாயிரம் சேக்கல் வெண்கலக் கவசம் என்று படிக்கும் வாசகருக்கு எந்தப் பளுவும் மனத்தில் தோன்றாது. 57 கிலோ என்றதும் கோலியாத்தின் கவசம் ஓர் ஆளின் எடைக்கு நிகரானது என்று விளங்கிவிடுகிறது. அவன் ஈட்டிமுனையின் 600 சேக்கல் 6.8 கிலோ. எதிர்த்திசையிலும் இதே பயன் உண்டு. ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 3 லிப்ரா அல்லது 88 சேக்கல். 60 கிலோ எடையுள்ளவர் 183 லிப்ரா அல்லது ஒன்றே முக்கால் தாலந்து. எட்டு கிராம் தங்கச் சவரன் ஏழு ஸ்கிரிப்புலத்துக்கு நெருங்கி நிற்கிறது. கையில் பழகிய எடையைப் பழைய பெயரில் சொல்லிப் பார்க்கும் மாணவருக்கு அந்த அலகுகளின் பருமன் நினைவில் தங்குகிறது.

இரண்டாம் பயன், மூலநூலின் புரியாத இடங்களைத் தெளிவாக்குதல். பெலிஸ்தரிடம் உழுகருவிகளைத் தீட்டக் கொண்டுபோனதைச் சொல்லும் 1 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் ‘பிம்’ என்ற ஒன்று வருகிறது. முன்னைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஒரு கருவியாகக் கொண்டனர். அதே பெயர் பொறித்த எடைக்கற்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடையாளம் காணப்பட்ட பிறகு, அது தீட்டுக்கூலியாகக் கொடுத்த வெள்ளியின் எடை என்று தெரியவந்தது. கற்களை நிறுத்துக் கிராமில் எழுதியதால்தான் அது சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு என்பதும் புலப்பட்டது.

மூன்றாம் பயன், வெவ்வேறு நாடுகளின் எடைகளை ஒரே தளத்தில் வைத்துப் பார்த்தல். எட்டுச் சேக்கல் 91 கிராம். எகிப்தின் தெபென் என்னும் எடையும் ஏறத்தாழ 91 கிராம். யூதேயாவின் எட்டுச் சேக்கல் கல்லில் எகிப்திய எழுத்துமுறையில் பத்துக்குரிய எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தெபென் பத்துக் கெதெத் ஆதலால் அந்த எண்ணுக்கு இதில் விளக்கம் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கிராம் என்னும் பொது அலகு இல்லாமல் இந்த ஒப்பீடு கைகூடியிருக்காது.

தென்னிந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளை ஆராய்வதற்கும் இதே கணக்கு துணைசெய்கிறது. இங்குக் கண்டெடுக்கப்பட்ட வெள்ளித் தெனாரியஸ்களில் மிகப் பெரும்பாலானவை அகஸ்தஸ், திபேரியஸ் காலத்தவை. லிப்ராவுக்கு 84 என்று அடிக்கப்பட்ட தெனாரியஸ் ஏறத்தாழ 3.9 கிராம், நீரோ கி.பி. 64-இல் அதை லிப்ராவுக்கு 96 ஆக்கியபோது 3.4 கிராமாகக் குறைந்தது. வெள்ளியின் தரமும் குறைந்தது. எடை கூடிய பழைய காசையே இந்திய வணிகர்கள் விரும்பியிருக்கலாம் என்ற விளக்கம் இந்த அரை கிராம் வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

நான்காம் பயன், விலைகளை உணர்தல். தியோக்லேதியன் பேரரசர் கி.பி. 301-இல் வெளியிட்ட விலைக் கட்டளை, பன்றி இறைச்சிக்கு லிப்ராவுக்கு 12 தெனாரியஸ், மாட்டிறைச்சிக்கு 8 தெனாரியஸ் என்று உச்சவிலை விதித்தது. வயல் தொழிலாளியின் நாட்கூலி உணவு நீங்கலாக 25 தெனாரியஸ். ஒரு நாள் கூலிக்குச் சுமார் இரண்டு லிப்ரா, அதாவது 680 கிராம் பன்றி இறைச்சி என்பது அக்கால வாழ்வைப் பற்றித் தெளிவாகப் பேசும் ஓர் எண்.

குறைகள்: ஒரே மாறிலி என்னும் பொய்த்தோற்றம்

மாற்று அட்டவணையில் சேக்கலுக்கு நேரே ஒரே எண் இருக்கும். வரலாற்றில் சேக்கல் பல. யூதேயக் கற்களின் சேக்கல் 11.4 கிராம். மெசப்பொத்தேமியாவில் அது 8.3 கிராமை ஒட்டியது. இரண்டாம் ஆலயக் காலத்தில் ஆலய வரிக்கு ஏற்கப்பட்ட தீரு நகரத்து வெள்ளிச் சேக்கல் ஏறத்தாழ 14 கிராம். கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், தம் மக்களின் மினா இரண்டரை லிப்ரா என்கிறார். அதை 50-ஆல் வகுத்தால் சேக்கல் 16.4 கிராம் ஆகிறது. இதே எண்ணைக் கோலியாத்தின் கவசத்துக்குப் போட்டால் 57 கிலோ 82 கிலோவாகிவிடும். கணக்கில் தவறில்லை, எந்தச் சேக்கல் என்ற கேள்வி கேட்கப்படவில்லை, அவ்வளவே.

விவிலியம் இந்தப் பன்மையை மறைக்கவில்லை. ஆபிரகாம் நிலத்துக்கு விலையாக நிறுத்த 400 சேக்கல் வெள்ளி வணிகரிடையே செல்லுபடியான எடை. அப்சலோமின் தலைமுடி 200 சேக்கல் என்பது அரசனுடைய நிறையின்படி. ஆலயக் காணிக்கைக்குப் பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கல். பையில் இருவகைக் கல் வைக்கக் கூடாது என்று உபாகமம் 25 விலக்குகிறது. சேக்கலைப் பெரிதாக்கி வஞ்சிக்கும் வணிகரை ஆமோஸ் 8 கண்டிக்கிறது. விதிவிலக்காக இருந்த ஒன்றை எந்தச் சட்டமும் இவ்வளவு அழுத்தமாகத் தடுக்காது. மூலநூலே பல நிறைகளைப் பிரித்துச் சொல்ல, மாற்று அட்டவணை அவற்றை ஒன்றாக்கிவிடுகிறது.

தாலந்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. பழைய ஏற்பாட்டில் தாலந்து 34.2 கிலோ, புதிய ஏற்பாட்டுக் காலத்துக்கென்று பல அட்டவணைகள் தரும் கிரேக்கத் தாலந்து 20.4 கிலோ, ஏதென்சு நகரத் தாலந்து ஏறத்தாழ 26 கிலோ. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் வரும் பதினாயிரம் தாலந்துக் கடனை இவற்றால் மாற்றினால் முறையே 342, 204, 260 டன் வருகிறது. மாறாக, தாலந்து 6,000 தெனாரியஸ் என்ற விகிதத்தை மட்டும் கொண்டால், அந்தக் கடன் 6 கோடி தெனாரியஸ்; அதே கதையில் உடன் ஊழியன் பட்ட 100 தெனாரியஸ் கடனைப்போல் ஆறு லட்சம் மடங்கு. கதையின் கருத்தை இந்த விகிதம் முழுமையாகத் தருகிறது. டன் கணக்கு அதில் எதையும் கூட்டவில்லை.

குறைகள்: பொய்த்துல்லியம்

327.45 கிராம் என்று எழுதும்போது, பத்து மில்லிகிராம் வரை அறிந்ததுபோன்ற தோற்றம் உண்டாகிறது. மெய்யில் 322-க்கும் 329-க்கும் இடையே எங்கோ என்பதுதான் இன்றைய அறிவு. அந்த இடைவெளியே இரண்டு விழுக்காடு. இது விடையை எவ்வளவு மாற்றும் என்பதை ஒரு கிலோகிராமைக் கொண்டே பார்க்கலாம். லிப்ரா 327.45 கிராம் என்றால் ஒரு கிலோ 3 லிப்ராவும் பதினைந்தரை ஸ்கிரிப்புலமும் ஆகும்; ஒரு முழு ஊன்சியாகூட மிஞ்சாது. 322 கிராம் என்றால் 3 லிப்ரா, 1 ஊன்சியா, 6 ஸ்கிரிப்புலம். இரண்டு விடைகளிலும் உறுதியானது அந்த 3 லிப்ரா மட்டுமே. அப்படியிருக்க 3.0539 லிப்ரா என்று நான்கு தசம இடங்களோடு விடை தருவது, கணிப்பான் காட்டியதைச் சான்று காட்டியதாகக் கொள்ளும் பிழை.

இதில் வடிவப் பிழை ஒன்றும் உண்டு. உரோமர் லிப்ராவைப் பத்தால் பிரிக்கவில்லை, பன்னிரண்டால் பிரித்தனர். தசமப் பின்னத்தில் எழுதிய லிப்ரா, உரோமர் எவரும் நிறுத்திராத எடை. எபிரேய அளவிலும் இதே நிலைதான். ஒரு கிலோவை மினாவும் சேக்கலுமாகச் சொல்லவேண்டும் என்றால், 50 சேக்கல் மினாவில் 1 மினா 38 சேக்கல்; 60 சேக்கல் மினாவில் 1 மினா 28 சேக்கல். எந்த மினா என்று சொல்லாமல் 1.75 மினா என்று மட்டும் தருவது, முறையின் உள்ளமைப்பை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதாகும்.

குறைகள்: காசை எடையாக்குதல்

எல்லாவற்றிலும் பெரிய பிழை, பணமதிப்பையும் நிறையையும் ஒன்றாகக் கொள்வது. பரவலாக வழங்கும் அலகு மாற்று அட்டவணைகளில் ‘விவிலிய உரோம’ எடைகள் என்று நான்கு இடம்பெறுகின்றன: தெனாரியஸ் 3.85 கிராம், அசாரியன் 0.240625 கிராம், குவாத்ரன்ஸ் 0.06015625 கிராம், லெப்டன் 0.030078125 கிராம். இந்த எண்கள் எப்படி வந்தன என்பது வகுத்துப் பார்த்தால் தெரியும். 3.85-ஐ 16-ஆல் வகுத்தால் அசாரியனின் எண், 64-ஆல் வகுத்தால் அடுத்தது, 128-ஆல் வகுத்தால் கடைசி எண். ஒரு தெனாரியஸுக்கு 16 அசாரியன் என்பது காசுமாற்று விகிதம், எடை விகிதம் அல்ல. தெனாரியஸ் வெள்ளி, அசாரியனும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செம்பு அல்லது வெண்கலம். அகஸ்தஸ் காலத்து ஆஸ் காசு, அதாவது அசாரியன், ஏறத்தாழ 11 கிராம் இருந்தது. அட்டவணை சொல்வதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல். ஏழை விதவை காணிக்கையிட்ட இரண்டு காசும் 0.03 கிராம் துகள்கள் அல்ல. யூதேயாவில் கிடைக்கும் அக்காலச் சிறு வெண்கலக் காசுகள் பெரும்பாலும் அரை கிராமுக்கு மேற்பட்டவை.

ஒன்பது தசம இடங்கள் வரை எழுதப்பட்ட அந்த எண், எந்தத் தராசிலும் நிறுக்கப்படாத எடை. பொய்த்துல்லியமும் பொருட்குழப்பமும் இங்கு ஒருங்கே அமைந்துவிட்டன. பழைய காசுப் பெயர்கள் பல, எடைப் பெயர்களாகத் தொடங்கியவை என்பது இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். ஆஸ் தொடக்கத்தில் ஒரு லிப்ரா வெண்கலம்; பிறகு படிப்படியாகக் குறைந்து ஊன்சியா அளவுக்கும் அதற்குக் கீழும் வந்தது. பெயர் நிலைத்தது, எடை நிலைக்கவில்லை.

முசிறி வணிகத்தோடு தொடர்புடைய பாப்பிரஸ் ஆவணம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது இன்று வியன்னாவில் உள்ளது. அதன் ஒரு பக்கத்தில் முசிறிக் கடன் உடன்படிக்கை பேசப்படுகிறது. மறுபக்கத்தில் ஹெர்மாபோலன் என்ற கப்பலில் வந்த கங்கைப் பகுதி நளதம், யானைத் தந்தம் முதலிய சரக்கின் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் தாலந்து எடையாகவும் வருகிறது, பணமாகவும் வருகிறது. சரக்கின் மொத்த மதிப்பு 1,154 தாலந்து 2,852 திராக்மா. இதை எபிரேயத் தாலந்தின் எடையாகக் கொண்டு மாற்றினால் 39 டன் வெள்ளி என்று விடை வரும். மெய்யில் அது எகிப்தின் கணக்குப் பணம். அதன் நான்கு திராக்மா ஒரு தெனாரியஸுக்குச் சமமாக மதிக்கப்பட்டது. அதன்படி மொத்தம் சுமார் 17.3 லட்சம் தெனாரியஸ். அத்தனை தெனாரியஸையும் கொட்டி நிறுத்தாலும் 6 டன்னுக்கு மேல் போகாது. ஒரே பெயரைப் பார்த்து மாறிலியைத் தேர்ந்ததால் விடை ஆறு மடங்குக்கு மேல் பிசகியது.

குறைகள்: வரலாற்றுச் சான்று என்னும் மயக்கம்

சாலொமோனுக்கு ஓராண்டில் வந்த பொன் 666 தாலந்து என்கிறது 1 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரம். மாற்றினால் 22.8 டன். டன் என்ற சொல் வந்ததும் அந்தச் செய்தி அரசுக் கருவூல அறிக்கைபோல ஒலிக்கத் தொடங்குகிறது. கணக்கு அந்தச் செய்தியின் உண்மையை மெய்ப்பிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஓர் எண்ணை வேறோர் அலகில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அது வட்ட எண்ணா, புகழ்ச்சி எண்ணா, கணக்கர் பதிவா என்பதை மூலநூல் ஆய்வுதான் தீர்க்க வேண்டும். விவிலிய உரைநூல்கள் பலவற்றில் கிலோ கணக்கே வாதமாகிவிடுவது இக்கணக்கின் தவறான பயன்பாடு.

தமிழ் விவிலியத்தில் இராத்தல்

மாற்றுவதற்குக் கிராம்தான் வேண்டும் என்பதில்லை; வாசகர் அறிந்த எந்த எடையாலும் மாற்றலாம். பழைய தமிழ் விவிலியம் அதைத்தான் செய்தது. யோவான் 12-இல் மரியாள் கொண்டுவந்த நளத தைலம் ஒரு இராத்தல். 19-ஆம் அதிகாரத்தில் நிக்கொதேமு கொண்டுவந்த வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஏறக்குறைய நூறு இராத்தல். மூலத்தில் இரண்டும் லிப்ராவுக்கு நிகரான கிரேக்க லித்ரா. பிரித்தானிய ஆட்சியில் தமிழகத்திலும் இலங்கையிலும் இராத்தல் என்பது ஆங்கிலப் பவுண்டைக் குறித்தது, அது 453.6 கிராம். ஆகவே நூறு இராத்தல் என்று படித்தவர் 45 கிலோ என்று எண்ணியிருப்பார்; மூலம் சொல்வது ஏறத்தாழ 33 கிலோ. லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் மினாவுக்கும் ராத்தல் என்ற பெயரே இடப்பட்டது. அங்கு மினா நூறு திராக்மா மதிப்புள்ள பணம்.

இந்த வழிக்கும் ஒரு நியாயம் உண்டு. கடைத்தெருவில் புழங்கிய எடையைச் சொன்னதால் தைலத்தின் அளவு வாசகருக்கு உடனே விளங்கியது. நூறு இராத்தல் என்பது பெருந்தொகை என்பதும் தெரிந்தது. அந்த அளவுக்கு அது பயன்பட்டது. ஆனால் புழக்கத்திலிருக்கும் எடை மாறினால் மொழிபெயர்ப்பும் பழையதாகிவிடும். இந்தியாவில் மெட்ரிக் முறை நிலைத்த பிறகு வளர்ந்த தலைமுறைக்குச் சேக்கலைப் போலவே இராத்தலுக்கும் அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது.

மதிப்பீடு

இக்கணக்கை முற்றிலும் கைவிடச் சொல்வது சரியாகாது. அது இல்லாவிட்டால் பிம் என்பது எடை என்று உறுதிப்பட்டிராது. எகிப்து, யூதேயா, உரோம் ஆகியவற்றின் எடைகளை ஒப்பிட வழியும் இருந்திராது. பழைய ஓர் எடை கையில் அடங்குமா, தோளில் சுமக்கத்தக்கதா, வண்டி வேண்டுமா என்று அறிய இக்கணக்கு போதும். அதற்கு மேல் நுணுக்கமான விடை கேட்டால் அதனால் தாங்க முடியாது.

ஆகவே சில வரம்புகளுக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். எந்த ஊர், எந்தக் காலத்து எடை என்பதை எண்ணோடு சேர்த்தே சொல்ல வேண்டும். வெறும் சேக்கல் என்பது போதாது, யூதேயச் சேக்கல் என்றோ தீரு நகரச் சேக்கல் என்றோ இருக்க வேண்டும். விடையை இரண்டு இலக்கத்துக்கு மேல் துல்லியமாகக் காட்டக் கூடாது. லிப்ரா 320 முதல் 330 கிராம், சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல் என்று எழுதுவதே நேர்மை. உரோம எடையைப் பன்னிரண்டின் பின்னங்களில் தர வேண்டும். தெனாரியஸ், அசாரியன், லெப்டன் ஆகியவற்றைக் காசு மதிப்புக்கு மட்டும் பயன்படுத்தி, எடைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். மூலநூலின் உள்விகிதமே கருத்தைத் தெளிவாக்கும் இடங்களில் கிராமைத் தேடிப் போகத் தேவையில்லை.

இவ்வரம்புகளைப் பேணும் அட்டவணை அரைப்பக்கத்துக்கு மேல் நீளாது. அதில் தசம இடங்களும் குறைவாகவே இருக்கும். இன்று புழங்கும் நீண்ட பட்டியல்களைவிட மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் நம்பிப் பயன்படுத்தத்தக்கது அதுவே.